பழனி நடையாத்திரைக்குத் தொப்பி: விளிம்பு சுற்றிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் கொடுக்கும் தொப்பியைப் பற்றி எழுதுகிறேன். கார்த்திகை பிறந்துவிட்டது. கடைக்காரர்கள், நிறுவனத்தார், வெளியூரில் இருக்கும் உபயதாரர்கள் எல்லோரும் இப்போதுதான் பனியன், துண்டு, தோள்பை, தொப்பி என்று அச்சடிக்க ஆர்டர் கொடுக்கத் தொடங்குவார்கள். ஆர்டர் போய்விட்டால் அப்புறம் சொல்லிப் பயனில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் தையல் தொழில் செய்கிறேன். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும்தான் பிழைப்பு. நடையாத்திரை போகிறவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்மலை ஏறும் பிள்ளைகளுக்கும் வெயில் தொப்பி தைத்துக் கொடுக்கிறேன். நானும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்திருக்கிறேன்.

உபயமாகக் கிடைப்பது பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் நீண்டிருக்கும் கேப். நெற்றியில் கடைப் பெயர், பின்னால் வலை, கழுத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டை. கொடுப்பவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் நடக்கும் திசைக்கும் தை மாத வெயிலுக்கும் அந்தத் தொப்பி பொருந்தவே பொருந்தாது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. பாதை முழுக்க மேற்கே போகிறது, சற்றே வடக்கே ஒதுங்கி. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. காலையில் தென்கிழக்கு, உச்சியில் நேர் தெற்கு, மாலையில் தென்மேற்கு. மேற்கு நோக்கி நடப்பவருக்குத் தெற்கு என்பது இடது கை. ஆகவே காலை வெயில் இடது தோளுக்குப் பின்னால் பிடரியில் விழும். நடுப்பகலில் இடது காதிலும் கன்னத்திலும் விழும். மூன்று மணிக்கு மேல்தான் முன்னால் வந்து கண்ணைக் கூச வைக்கும். முன்பக்க விளிம்பு உதவுவது அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.

எங்கள் அண்ணன் பழனி போய்வந்த ஒரு தை மாதம் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடது காது மடலின் மேல் ஓரம் கறுத்துத் தடித்து, தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து நின்றது. வலது காது போகும்போது இருந்த மாதிரியே இருந்தது. பிடரியில் பனியன் கழுத்துக்கு மேலே ஒரு பட்டை, இடப்பக்கம் அகலமாகத் தொடங்கி வலப்பக்கம் போகப் போக ஒடுங்கியது. கேப்பின் பின்பக்கப் பட்டைக்கு மேலே இருக்கும் அரைவட்டத் துவாரம் வழியாக வெயில் விழுந்து, மண்டையிலும் அதே அளவில் ஓர் அரைவட்டம் சிவந்திருந்தது. எண்ணெய் தடவ விரல் வைத்தாலே துடித்தார்.

பெரும்பாலானவர்கள் அதிகாலை இருட்டிலேயே கிளம்பி, வெயில் ஏறுமுன் தங்கும் இடத்துக்குப் போய்விடப் பார்க்கிறார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் வயதானவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் பின்தங்கித்தான் வருவார்கள். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் தார் ரோட்டில் நடந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். தொப்பி அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். வெயில் எப்போது கடுமை என்று தெரிந்துகொள்ளக் கடிகாரமே வேண்டாம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிர் வலுத்துவிட்டது என்று அர்த்தம். தை மாதத்தில் நம் பக்கம் ஏறத்தாழ பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டே முக்கால் வரை அப்படி. பனிக்காலம்தானே என்று நினைக்கிறோம். காற்று குளிர்ந்திருந்தாலும் கதிர் குறைவதில்லை.

நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, சரி. கண்ணுக்கு அது கிடையாது. கண்புரை வருவதற்குப் புற ஊதாக் கதிரும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் கண்புரை அறுவை செய்துகொள்ளாத பெரியவர்கள் குறைவு.

இனி, தொப்பி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். விளிம்பு சுற்றிலும் வேண்டும். குறைந்தது 3 இன்ச் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அதிகம் என்பதால் இதையெல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். அங்கே பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 7.5 சென்டிமீட்டர், அதுவும் கிட்டத்தட்ட நம் 3 இன்ச்தான். முன்பக்கம் மட்டும் நீண்ட கேப்பை அவர்கள் பரிந்துரைப்பதில்லை. தொப்பி போடாத பிள்ளையை வெயிலில் விளையாட விடாத பள்ளிகள் அங்கே நிறைய. நம் ஊரில் கிரிக்கெட் பார்க்காதவர்கள் இல்லை. டெஸ்ட் மேட்சில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் நடுவரும், எல்லைக்கோட்டில் நிற்கும் ஆட்டக்காரரும் பலர் அகலமான வட்டத் தொப்பிதான் போடுகிறார்கள்.

3 இன்ச் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தை மாத உச்சி வெயிலில் 3 இன்ச் விளிம்பு ஐந்து இன்சுக்கு மேல் கீழே நிழல் தரும். காது, கன்னம், பிடரியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். காலை ஒன்பது மணிக்கு அதே விளிம்பின் நிழல் இரண்டு இன்சுகூட இறங்காது. வெயில் சாயச் சாய நிழல் சுருங்கும். அதனால்தான் விளிம்பைத் தட்டையாக நிறுத்தாமல் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்துத் தைக்க வேண்டும் என்கிறேன். காலையில் நெடுநேரம் நடப்பவர்கள், தொப்பியின் பின்பக்கத்தில் ஒரு துணித் திரையும் வைத்துக்கொண்டால் பிடரி தப்பிக்கும். தைக்க வசதி இல்லையென்றால் ஈரிழைத் துண்டைத் தலையில் போட்டு, பின்னால் தொங்கவிட்டு, அதன்மேல் தொப்பியை வைத்தாலும் போதும்.

துணி விஷயத்தில்தான் கடைகளில் ஏமாந்துபோகிறார்கள். தொப்பியை வாங்குமுன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து மாதிரி வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்த வழியே வெயிலும் இறங்கும். வலை வைத்த தொப்பியும் இடைவெளி விட்டுப் பின்னிய வைக்கோல் தொப்பியும் இதில் தோற்றுவிடும். விலை உயர்ந்த மலையேற்றத் தொப்பிகளில் யு.பி.எஃப். 50 என்று அச்சடித்திருப்பார்கள். விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டுதான் உள்ளே போகும் என்பது அதன் பொருள். அது நல்ல சரக்குதான். ஆனால் அந்த விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

நான் தைப்பது வெளுக்காத காடாத் துணியில். பருத்தியின் இயற்கையான பழுப்பு நிறத்துக்கே புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்ளும் குணம் உண்டு. வெளுத்துவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து, அலசிக் காயப்போட வேண்டும். அப்போது இழைகள் சுருங்கி நெருங்கும். தைத்த பிறகு தலையில் இறுக்கமும் வராது. வெளிப்பக்கம் காடா, விளிம்பின் உள்பக்கம் அடர்ந்த நிறம். வெளிப்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் சூடு ஏறாது. உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் தரையிலிருந்து மேலே எழும் கண்கூசும் ஒளியை அது முகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அரக்கோ கரும்பச்சையோ அதை வாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கம் இதற்குக் கண்டாங்கியைவிடப் பொருத்தமான துணி எது? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. நெருங்கிய இழை, கெட்டிச் சாயம், அரக்குக் கட்டம். இரண்டு மூன்று சலவை கண்ட கண்டாங்கியில் கிழிசல் இல்லாத பக்கத்தை எடுத்து உள்விளிம்பு வைத்துக் கொடுத்தால், கேட்டவர்கள் கண்ணாடியை விட்டு நகர்வதில்லை. நைந்து இழை விலகிய பழம்புடவை மட்டும் கூடாது.

தொப்பியை நனைத்துப் போட்டுக்கொண்டால் மண்டைக்குக் குளிர்ச்சி, நடப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மெல்லிய பருத்தி நனைந்தால் கதிரை அதிகம் உள்ளே விடும் என்பதால் அதற்கும் கெட்டித் துணிதான் ஏற்றது.

காற்று இன்னொரு விஷயம். செட்டிநாட்டு வீடுகளுக்கு அளவெடுக்கப் போகும்போது முகப்பில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்ப்பேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஐயாமார்கள் சிலர் அரைக்கோளமாகப் பெரிய வெள்ளைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சோலாத் தொப்பியைச் செய்தது நெட்டியில். தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்குகிறார்களே, அதே நெட்டித் தக்கையில். எடையே இருக்காது, சூட்டையும் கடத்தாது. அதைவிட முக்கியம், தலையைப் பிடிக்கும் பட்டை உள்ளே தனியாக நிற்கும். மண்டைக்கும் தொப்பிக்கும் நடுவில் காற்று ஓட இடம் விட்டிருப்பார்கள். இன்றைய கேப் மண்டையோடு ஒட்டிக்கொள்கிறது. வியர்வை ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே புழுங்குகிறது. நான் தைக்கும் தொப்பியில் உச்சியைத் தலையைவிட ஓர் இன்ச் உயரமாக விட்டு, இரண்டு பக்கமும் காஜா எடுத்துக் காற்றுத் துளை வைக்கிறேன்.

பெண்களின் தலைக்கு யாருமே தொப்பி செய்வதில்லை. பின்னிய சடையோ கொண்டையோ இருந்தால் கடைத் தொப்பி தலையில் உட்காராமல் முன்னால் தள்ளி, நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைக்கும். பிடரிக்கு மேலே தொப்பியின் பக்கத்துணியில் ஒரு பிளவு விட்டு நாடா வைத்துவிட்டால் சடை வெளியே வந்துவிடும், தொப்பியும் சமமாக உட்காரும். கூடுதல் வேலை பத்து நிமிஷம்தான். நடையாத்திரையில் இத்தனை பெண்கள் நடக்கும்போது, உபயம் கொடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முடி காணிக்கை கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியதும் வெயிலைப் பற்றிய நினைப்பே போய்விடுகிறது. அத்தனை நாளும் முடிக்கு அடியில் வெயில் படாமல் இருந்த தோல் அது. சந்தனம் குளிர்ச்சி தரும், ஆனால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். போகும்போது சரியாக இருந்த தொப்பி அப்போது தளர்ந்தும் போயிருக்கும். அதனால் தொப்பியின் உள்பட்டைக்குள் ஒரு நாடா ஓடவேண்டும். இழுத்துக் கட்டினால் மொட்டைத் தலைக்கும் பிடிக்கும். குழந்தைகளுக்கு விளிம்பு 2 அல்லது 2.5 இன்ச் போதும். அவர்களுக்கு முகவாய்க் கயிறு மட்டும் முடிச்சுப் போடும்படி இருக்கவே கூடாது. டிச் பட்டன் வைத்தால், எதிலாவது மாட்டி இழுபட்டாலும் தானே விட்டுவிடும்.

காவடி எடுப்பவர்களின் விரதமும் வழக்கமும் அவரவருடையது, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. உடன் நடப்பவர்களில் முதுகில் பை மாட்டுகிறவர்கள் பின் விளிம்பை மெத்தென்று வைத்துக்கொள்ள வேண்டும். விறைப்பாக இருந்தால் அடிக்கு அடி பையில் முட்டி, தொப்பி முன்னால் சரியும். இரண்டு மைலில் எரிச்சல் வந்து கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

பிரான்மலை ஏறும் பிள்ளைகளின் கதை வேறு. கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கும் அடிவாரத்தில் நிழல் இருக்கிறது. மேலே போகப் போகப் பாறைதான். ஏறும்போது உடம்பு முன்னால் குனியும். முன் விளிம்பு துவண்டு தொங்கினால் அடுத்த கால் எங்கே வைப்பது என்று தெரியாது. மலையில் அது ஆபத்து. முன்பக்கம் கால் இன்சுக்கு ஒரு தையல் என்று வட்ட வட்டமாக ஓட்டிவிட்டால், கேன்வாஸ் வைக்காமலே விறைப்பு வரும், துவைத்தாலும் போகாது. உச்சியில் தர்கா பக்கம் காற்று தூக்கி அடிக்கும். முகவாய்க் கயிறு இல்லாத தொப்பி அங்கே தலையில் நிற்காது. பறந்த தொப்பியைப் பிடிக்கப் பாறை ஓரத்துக்கு ஓடும் பிள்ளையை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மலைக்குக் கயிறில்லாத தொப்பியே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

பனை ஓலைத் தொப்பியைப் பற்றிக் கேட்கிறார்கள். கொட்டான் முடையும் பெண்கள் கை வைத்தால் இழை நெருக்கமாக, எடையில்லாமல், காற்றோட்டமாக வரும். வயல் வேலைக்கும் ஒரு நாள் நடைக்கும் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் மடித்துப் பைக்குள் வைக்க முடியாது, பல நாள் வெயிலில் காய்ந்தால் மடிப்பில் ஒடியும். ராத்திரி லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். தங்கும் இடங்களில் தலைமாட்டில் சுருட்டி வைத்துக்கொண்டு படுக்கிறவர்களுக்குத் துணித் தொப்பிதான் சரி.

உபயதாரர்கள் செலவைப் பற்றி யோசிப்பார்கள். 36 இன்ச் அகலக் காடாவில் முக்கால் மீட்டர் இருந்தால் ஒரு தொப்பி தாராளமாக வரும். தலைச்சுற்றைக் காதுக்கும் புருவத்துக்கும் சற்று மேலே டேப் வைத்து எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 22-லிருந்து 23 இன்ச். 22.5 என்று வைத்துக்கொண்டால், விளிம்பு வளையத்துக்கு உள் ஆரம் 4 இன்ச், வெளி ஆரம் 7 இன்ச். அதில் உள்சுற்றில் இரண்டரை இன்ச் அளவுக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மூட்டினால் விளிம்பு தானாகக் கீழ்நோக்கிச் சாயும். பக்கப்பட்டை நாலரை இன்ச் உயரம், உச்சி வட்டம் 7.25 இன்ச் விட்டம். இவற்றோடு தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் இன்ச் விட வேண்டும். ரவிக்கை வெட்டத் தெரிந்த எவரும் இதை வெட்டிவிடுவார்கள். கடைப் பெயர் போட வேண்டுமென்றால் பக்கப்பட்டையில் தாராளமாக இடம் இருக்கிறது. கேப்பைவிடச் செலவு சற்றுக் கூடும்தான். ஆனால் கேப் தைப்பூசம் முடிந்ததும் சந்துகளில் கிடக்கிறது. இந்தத் தொப்பியைப் பங்குனி, சித்திரையிலும் போட்டுக்கொள்வார்கள். சித்திரை முதல் வாரத்தில் நம் ஊரில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். வயலுக்கும் சந்தைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் அப்போது எதைப் போட்டுக்கொள்வார்கள்?

தொப்பி மட்டும் இருந்தால் வெயிலடி வராது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரும் மோரும் நிழலும் வேண்டும். தலை கிறுகிறுத்தால் உட்கார்ந்துவிட வேண்டும். வழி நெடுக நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் போடுகிறவர்கள் அதையெல்லாம் குறையில்லாமல் செய்கிறார்கள். தொப்பியையும் அதே அக்கறையோடு கொடுக்கச் சொல்கிறேன்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இந்தத் தொப்பியின் வெட்டுப் படத்தை அளவுகளோடு வெளியிட்டால் பலருக்குப் பயன்படும். தாளில் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மார்கழி பாதிக்கு மேல் எங்களுக்குப் பொங்கல் துணி வேலை நெருக்கிவிடும். தைக்கக் கொடுப்பவர்கள் கார்த்திகைக்குள்ளேயே காடா வாங்கி, ஊறவைத்துக் காயப்போட்டு, அவரவர் ஊர்த் தையல்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
கழனிவாசல், காரைக்குடி.